‘பக்கவாட்டு’ வேண்டாம், ‘விலாத் திறப்பு’ ஆகுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

தமிழ்ச் சதுரங்கக் கலைச்சொல் பட்டியலுக்கு, ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களான ‘திறப்பு’ ஒன்றின் பெயராக வந்துள்ள ‘பக்கவாட்டுச் சமச்சீர்த் திறப்பு’ என்ற தொடரில் முதல் இரண்டு சொற்களுமே எனக்கு உறுத்துகின்றன.

ராஜா பக்கம், ராணி பக்கம் என்று பலகையை இரண்டாகப் பிரித்துப் பேசுவது ஆட்டக்காரர்களுக்குப் பழகிய வழக்கு. இந்தத் திறப்பிலோ வெள்ளையின் முதல் நகர்த்தலான சி4 (சிப்பாயை சி4 கட்டத்துக்கு நகர்த்துவது) ராணி பக்கத்து நகர்த்தல். பின்வரும் ஜி3, மந்திரி ஜி2 இரண்டும் ராஜா பக்கத்தவை. ‘பக்க’ என்று தொடங்கினால் எந்தப் பக்கம் என்றுதான் கற்பவர் கேட்பார். ‘பக்கவாட்டு’ ஒதுங்கிப் போவதாகவும் தொனிக்கிறது. சிப்பாயும் மந்திரியும் இங்கே ஒதுங்கவில்லை. ஓரத்தில் நின்றபடி டி5 கட்டத்தைக் குறிவைக்கின்றன. நடுப்பலகையை அதன் விலாவில் தாக்கும் உத்தி இது. மந்திரியை இப்படி ஓரத்தில் அமர்த்துவதைக் குறிக்கும் ஃபியன்கெட்டோ என்ற இத்தாலியச் சொல்லும் விலாப்புறத்தைக் குறிக்கும் ஃபியன்கோவிலிருந்து பிறந்ததுதான். ஆகவே விலாத் திறப்பு. ஜி2இல் அமர்வது விலா மந்திரி.

‘சமச்சீர்’ இன்னும் சிக்கலானது. 1972இல் ரெய்க்யவிக்கில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 8ஆம் ஆட்டத்தைப் பாருங்கள். வெள்ளைக் காய்களுடன் அமெரிக்கரான ஃபிஷர் சி4 ஆட, கறுப்புக் காய்களுடன் சோவியத் வீரர் ஸ்பாஸ்கி சி5 என்றார். குதிரைகள், ஜி6, மந்திரி ஜி7, கோட்டை கட்டுதல் என ஆறு நகர்த்தல்கள் வரை கறுப்பு வெள்ளையை அப்படியே பின்தொடர்ந்தது. ஏழாவதில் ஃபிஷர் டி4 ஆடி அந்த ஒப்புமையை உடைத்தார். காய்களின் அமைப்பு ஒத்திருந்தது, ஆனால் அடுத்து நகர்த்தும் முறை வெள்ளையுடையது. உடைக்கும் வாய்ப்பு முதலில் வெள்ளைக்கே கிடைக்கிறது. பின்னர் ஒரு மந்திரிக்கு யானையைப் பறிகொடுத்த ஸ்பாஸ்கி 37 நகர்த்தல்களில் தோற்றார். இதைச் ‘சமச்சீர்’ என்றால் இரு தரப்பும் சமநிலையில் இருப்பதாகப் பொருள்பட்டுவிடும். ‘எதிரொத்த’ என்பது எதிரில் உள்ளதைப் போன்ற அமைப்பை மட்டும் சொல்கிறது. கண்ணாடி என்று பொருள்படும் ‘ஆடி’யைக் கொண்டு ‘ஆடித் திறப்பு’ என்பதும் அழகுதான். ஆனால் கண்ணாடி நினைவுக்கு வருமுன் ‘ஆடி முடித்து’ என்ற வினையெச்சம் வந்து நிற்கிறது.

சி4 எனத் தொடங்கும் திறப்புக்குப் பொதுவான ‘ஆங்கிலத் திறப்பு’ என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். 1843இல் பாரிசில் பிரெஞ்சு வீரர் செயின்ட் அமானுக்கு எதிராக ஆங்கிலேய வீரர் ஸ்டான்டன் ஆடியதன் நினைவு அது.

இன்னொன்று: ஏ6, பி6, டி6, இ6 எனச் சிப்பாய்கள் நிற்கும், ஆங்கிலத்தில் ஹெட்ஜ்ஹாக் எனப்படும் அமைப்புக்குப் பட்டியலில் ‘முள்ளம்பன்றி’ என்று எழுதியிருக்கிறது. சுருண்டு தற்காக்கும் அந்த விலங்கு முள்ளெலி. அதையும் திருத்த வேண்டும்.

‘எதிரொத்த விலாத் திறப்பு’க்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள், ‘எதிரொத்த’ என்பதைவிடச் சுருக்கமான சொல் கிடைத்தால் உடனே மாற்றிக்கொள்வேன்.