ஐம்பது பேர் சேர்ந்து ஒரே ஆளை நடத்துகிறோம், பாதிக் கட்டளை விழவில்லை. உதவி தேவை

மடிவாளா_மகேஷ்
வணக்கம். பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ்ப் பசங்க சிலர் சேர்ந்து சனிக்கிழமை ராத்திரி யூடியூபில் நேரலை போடுகிறோம். விளையாட்டு போகிமான் ரூபி, கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்கு வந்தது. பார்ப்பவர்கள் சாட்டில் மேலே, கீழே, இடது, வலது, சரி, தொடங்கு என்று தட்டுவார்கள். ஒரே நாயகன் அத்தனை பேர் பேச்சையும் கேட்டு நடக்க வேண்டும். நாற்பது ஐம்பது பேர் வருகிறார்கள். பைத்தானில் எழுதிய சின்ன நிரல் சாட்டைப் படித்து, எம்ஜிபிஏ எமுலேட்டருக்குக் (அந்தக் கருவியைப் போலவே கணினியில் ஓடும் மென்பொருள்) கீபோர்டு அழுத்தலாக அனுப்புகிறது.

பாதிக் கட்டளை விழுவதே இல்லை. விழுந்தாலும் சில சமயம் ஆள் தலையை மட்டும் திருப்பிவிட்டு நிற்கிறான். பத்தரை மணிக்கு மேல் சாட்டிலிருந்து எதுவுமே வராது. நிரலை நிறுத்தித் திரும்ப ஓட்டினாலும் வராது, மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தானாகச் சரியாகிவிடும். இது போக, ஒரு மேட்டு விளிம்பில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். யாராவது ஒருவர் 'கீழே' என்று போட்டால் போதும், குதித்துவிடுகிறான். திரும்ப ஊரைச் சுற்றி ஏறி வரணும்.

லேப்டாப்பை மாற்றணுமா, இணையத்தை மாற்றணுமா, இல்லை ஆட்களையே மாற்றணுமா?

அல்சூர்_ஆதி
எதையும் மாற்ற வேண்டாம் தம்பி. பட்டனை அழுத்தி எவ்வளவு நேரம் கழித்து விடுகிறது உங்கள் நிரல்?

மடிவாளா_மகேஷ்
கீபோர்டை நிரலே அழுத்த வைக்கும் பைஆட்டோஜியுஐ தொகுப்பில் பிரஸ் கட்டளை அண்ணா. நேரம் எதுவும் கொடுக்கவில்லை.

அல்சூர்_ஆதி
அதுதான். கேம் பாய் அட்வான்ஸ் நொடிக்கு ஏறக்குறைய 60 ஃப்ரேம், அதாவது 60 படம், ஓடும். விளையாட்டு பொதுவாக ஒரு ஃப்ரேமுக்கு ஒருமுறைதான் பட்டனை எட்டிப் பார்க்கும், அதாவது 16, 17 மில்லிநொடிக்கு ஒரு தடவை. நீங்கள் அதற்குள் அழுத்தி எடுத்தும் விடுகிறீர்கள். அது எட்டிப் பார்க்கும் நேரத்தில் விரல் இருந்தால் விழும், இல்லாவிட்டால் போச்சு.

தலையை மட்டும் திருப்புவது ரூபியின் குணம். திசைப் பட்டனைச் சட்டென்று தட்டினால் திரும்புவான், கொஞ்சம் பிடித்தால்தான் அடி எடுத்து வைப்பான். அழுத்துவதையும் விடுவதையும் தனித்தனிக் கட்டளையாக்கி நடுவில் 200 மில்லிநொடி வைத்துப் பாருங்கள். ரெண்டு அடி போனால் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கீபோர்டு வழியே போவதே எனக்குப் பிடிக்கவில்லை. நடுவில் நீங்கள் நேரலையை அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளின் ஜன்னலைத் தொட்டால் அழுத்தல் எல்லாம் அங்கே போய் விழும். எம்ஜிபிஏ 0.10 பதிப்பிலிருந்து லுவா என்ற நிரல்மொழியில் ஸ்கிரிப்ட் எழுதும் வசதி இருக்கிறது, வேறு நிரலோடு பேச சாக்கெட்டும் உண்டு. பைத்தான் சாட்டைப் படித்து சாக்கெட்டில் கொடுக்கட்டும், லுவா ஃப்ரேம் எண்ணி 12 ஃப்ரேம் பிடித்து விடட்டும். எந்த ஜன்னல் முன்னால் இருந்தாலும் கவலையில்லை.

ஜெயநகர்_ஜெயா
பத்தரை மணி விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் மதியம் தானாகச் சரியாகிறது என்றதுமே தெரிந்துவிட்டது. யூடியூப் ஏபிஐக்கு (நம் நிரல் யூடியூபிடம் தகவல் கேட்கும் வழி) ஒரு நாளைக்கு வழக்கமாக 10,000 யூனிட்தான் ஒதுக்கீடு. ஒவ்வொரு தடவை சாட்டை எடுக்கும்போதும் அதில் கழியும். அந்தக் கணக்கு அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி நள்ளிரவில் புதுப்பிக்கப்படும். நமக்கு அது கோடையில் மதியம் 12.30, குளிர்காலத்தில் 1.30. உங்கள் பிழைப்பதிவைத் திறந்து பாருங்கள், 403 என்ற மறுப்புப் பிழை எண் இருக்கும்.

எத்தனை நொடிக்கு ஒருமுறை கேட்கிறீர்கள்? சாட்டை எடுக்கும்போது வரும் பதிலிலேயே 'அடுத்த தடவை இத்தனை மில்லிநொடி கழித்து வா' என்று ஒரு எண் இருக்கும். அதற்கு முன்னால் கேட்காதீர்கள். அதுவும் போதாவிட்டால் ட்விட்ச் என்ற இன்னொரு நேரலைத் தளத்திலும் சேர்த்துப் போடுங்கள். அங்கே சாட்டைப் படிப்பது ஐஆர்சி என்ற பழைய அரட்டை முறை வழியாக, இணைந்துவிட்டால் செய்தி தானாக வந்துகொண்டிருக்கும். திரும்பத் திரும்பப் போய்க் கேட்க வேண்டியதில்லை.

சில்க்போர்டு_சிவா
மேட்டு விளிம்புக்கு வழி ஒன்றுதான் மச்சி, வாக்கெடுப்பு. பத்து நொடி வாக்குகளை எண்ணு, அதிகம் வாங்கியதை மட்டும் அழுத்து. கணக்குப் போட்டுப் பார். விளிம்பை ஒட்டி 10 அடி நடக்கணும், ஐந்தில் ஒரு கட்டளை 'கீழே' என்று வைத்துக்கொள். விழாமல் கடக்க வாய்ப்பு 11 சதவீதம்கூட இல்லை. வாக்கெடுப்பில் அந்த ஐந்தில் ஒருவன் கத்திக்கொண்டே இருக்கலாம், ஆள் விழமாட்டான்.

ஹெப்பால்_கணேஷ்
முழுக்க வாக்கெடுப்பு வைத்தால் ஒரு ஈ காக்கா வராது, சொல்லிவிட்டேன்.

இதற்கெல்லாம் மூத்தது 2014 பிப்ரவரி 12-இல் ட்விட்சில் தொடங்கிய, இதே மாதிரி சாட்டே நடத்திய போகிமான் ரெட் ஆட்டம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பெயர் சொல்லாத ஒரு நிரலாளர் போட்டது. ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் 1,20,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களும் ஒரு மேட்டு விளிம்பில் மணிக்கணக்காக விழுந்து எழுந்தார்கள். நடுவில் வாக்கெடுப்பு முறை வந்ததும் ஒரு கூட்டம் எதிர்த்து, மெனுவை ஒன்பது தடவை திறக்கும் கட்டளைக்கே வாக்களித்து ஆட்டத்தை நிறுத்தியது! கடைசியில் எந்த முறை ஓடணும் என்பதையும் சாட்டே தீர்மானித்தது. மார்ச் 1-இல் முடித்தார்கள்.

தேர் இழுக்கும்போது வடம் பிடிப்பவர்கள் இழுத்துக்கொண்டேதான் இருப்பார்கள், திருப்பத்தில் மட்டும் முட்டுக்கட்டை போடுவார்கள். அந்த மாதிரி மேட்டு விளிம்பில் மட்டும் வாக்கெடுப்பு வையுங்கள், மற்ற இடத்தில் கட்டவிழ்த்து விடுங்கள்.

சில்க்போர்டு_சிவா
சரி, அது நியாயம். ஆனால் முறையை மாற்றும் பொத்தான் மகேஷ் கையில் இருக்கக் கூடாது. அப்புறம் 'நீயே ஆடிக்கோ' என்பார்கள்.

ஜெயநகர்_ஜெயா
முறையை விடத் தாமதம்தான் கூட்டத்தைக் கெடுக்கும். 1991-இல் லாஸ் வேகாஸில் நடந்த சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் லோரன் கார்பென்டர் என்ற வரைகலை நிபுணர் ஒரு பெரிய அரங்குக்கே சிவப்பு, பச்சை மட்டைகளைக் கொடுத்துத் திரையில் பாங் என்ற பழைய பந்தாட்ட வீடியோ கேமை ஆட வைத்தார். எதைக் காட்ட வேண்டும் என்று யாரும் ஆளாளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அரங்கமே கற்றுக்கொண்டது. தன் மட்டையைத் திருப்பினால் அந்த நொடியே திரையில் தெரிந்தது. உங்கள் நேரலையில் ஆள் விளிம்பைத் தாண்டி நிற்பான், பார்ப்பவர் இன்னும் பழைய இடத்தைப் பார்த்து 'கீழே' போடுவார். பாதிப் பேர் வேண்டுமென்றே தள்ளிவிடுவதில்லை.

யூடியூபில் மிகக் குறைந்த தாமதம் என்ற அமைப்பைப் போடுங்கள், பெரும்பாலானோருக்கு 5 நொடிக்குள் வந்துவிடும். 4கே கிடைக்காது, இந்த விளையாட்டுக்கு அது எதற்கு? வாக்கெடுப்பு நேரம் தாமதத்தை விடக் கூடுதலாக இருக்கட்டும். வீடியோவை நிறுத்தி வைத்துவிட்டு வருகிறவர்கள் பின்தங்கியே இருப்பார்கள், நேரலைப் பொத்தானைத் தொடச் சொல்லித் திரையின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள்.

அல்சூர்_ஆதி
இன்னொன்று. 'தொடங்கு' சிலருக்கு மட்டும் வேலை செய்யாமல் போகலாம். சில தட்டச்சு முறைகளில் தொ என்பதன் கொம்பும் காலும் தனித்தனி யூனிகோடு குறியாக வரும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், நிரலுக்கு வேறு. ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

மடிவாளா_மகேஷ்
எல்லோருக்கும் நன்றி. ஜெயா அக்கா சொன்ன 403 அப்படியே இருந்தது. நொடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தது, இப்போது பதிலில் வரும் எண்ணைப் பார்த்துக் காத்திருக்கிறது. லுவா போட்டதும் கட்டளை எல்லாம் விழுகிறது. என் அறைத் தோழர்களான கன்னட நண்பர்கள் எட, பல என்று போட்டுக்கொண்டே இருந்தது நிரலுக்குப் புரியவில்லை. அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன், திடீரென்று ஆள் கூடிவிட்ட மாதிரி இருக்கிறது.

நேற்று விளிம்பைத் தாண்டிவிட்டோம். சாட்டில் பாதிக்கு மேல் கேட்டால் வாக்கெடுப்பு, மறுபடி கேட்டால் பழையபடி. ஆனால் பழையபடி ஆன கையோடு விளையாட்டுக்குள் இருக்கும் கணினிப் பெட்டியில் புகுந்து எங்கள் டார்ச்சிக் என்ற போகிமானை விடுவித்துவிட்டார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்த நிலை கையில் இருக்கிறது. திருப்பிக் கொண்டுவரட்டுமா?

ஹெப்பால்_கணேஷ்
தொடாதே! 2014-இல் சார்மீலியன் என்ற போகிமானை விட்டுத் தொலைத்தார்கள், அதோடுதான் மேலே போனார்கள். சேமித்த நிலை எமுலேட்டர் படுத்தால் எடுக்க மட்டும்.

சில்க்போர்டு_சிவா
இதையும் வாக்கெடுப்புக்கு விடு மச்சி.