பெரிய என்ற பொருளில் வரும் 'மா' எங்கிருந்து வந்தது?

இரண்டு வாரமாக 'மா' என்ற ஓரெழுத்துச் சொல்லின் வேர்களைப் பிரித்து எழுதுகிறேன், ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். தமிழிலேயே அது மாமரம், விலங்கு, அரைத்த மாவு, 1/20 பங்கு. பிறமொழிகள் சுலபமாக முடிந்தன. இத்தாலியத்தில் 'ஆனால்', லத்தீன் 'மாகிஸ்' வழி வந்தது. சீன மாண்டரினில் தொனி மாறினால் அம்மா, குதிரை. நம் 'மா'வும் குதிரையைக் குறிக்குமே என்று துள்ளினேன். அப்புறம், ஒலி ஒற்றுமை மட்டும் சான்றாகாது என்று விட்டுவிட்டேன்.

சிக்கல், 'பெரிய' என்று பொருள்படும் 'மா'. சென்னைப் பல்கலைக்கழக அகராதியைப் புரட்டினேன், பெருமை என்று பொருள்படும் 'மால்' என்ற சொல்லோடு ஒப்பிட்டேன், சங்கப் பாடல்களில் 'மாநிலம்', 'மாமலை' எனத் தேடினேன். சில இடங்களில் அதற்குக் 'கரிய' என்றும் பொருள் வருகிறது. மகாராஜா 'மாராசா' ஆனது இன்னும் குழப்புகிறது.

இந்த 'மா' வடமொழி 'மகா'வின் சுருக்கமா, தனி வேரா என்பதை எந்தச் சான்றை வைத்து முடிவு செய்வது?