டாவோஸ் பிடிச்சவங்க யாரும் இருக்கீங்களா? அந்த ஏழு சாமி பத்தியும் ஒரு கேள்வி

குடமுருட்டிக்கரையான்:

வணக்கம் மக்களே. சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர் புத்தகத்த, அதான் கேம் ஆஃப் த்ரோன்ஸ் சீரியலோட மூலக்கதைய, ரொம்ப லேட்டா கையில எடுத்த ஆளு நான். சீரியல எல்லாரையும் மாதிரி 2019ல பாத்து முடிச்சு, கடைசி சீசனுக்கு வயிறெரிஞ்சு அதோட விட்டாச்சு. இந்த வருஷம் குறுவை நடவு முடிஞ்சு கொஞ்சம் கை ஓஞ்சதும் போன்லயே படிக்க ஆரம்பிச்சு இப்ப மூணாவது புக்குல பாதியில நிக்கிறேன்.

சீரியல் பாத்தப்ப டாவோஸ்னா நல்ல மனுசன், வெங்காயம் கடத்துனவரு, அவ்ளோதான்னு நெனச்சிருந்தேன். புக்குல ஆளே வேற. கடத்துன குத்தத்துக்கு அவரு எசமான் ஸ்டானிஸ் வெட்டுன விரல் நுனி எலும்ப ஒரு பைல போட்டு கழுத்துல கட்டிக்கிட்டு, தாயத்து மாதிரி அதையே தொட்டு தொட்டு பாத்துக்குறாரு, அங்கயே விழுந்துட்டேன். ரெண்டாவது புக்குல சிவப்புக் கடவுளோட பூசாரி மெலிசாண்ட்ரே பேச்ச கேட்டு, அந்த நாட்டு ஜனங்க கும்புடுற ஏழு சாமி செலையையும் கொளுத்துவாங்கல்ல, கப்பல் பாய்மரத்துல செதுக்குன செலைங்க, டாவோஸ் கூட்டத்தோட நின்னு பாத்துக்கிட்டு இருப்பாரு, மனசுக்குள்ள அடிச்சுக்கும் ஆனா வாயத் தொறக்க மாட்டாரு. அப்புறம் பிளாக்வாட்டர் சண்டையில நாலு புள்ளைங்கள பறிகுடுத்துட்டு ஒரு பாறையில சோறு தண்ணி இல்லாம கெடக்குறப்ப அந்த ஏழுல ஒண்ணான தாய் சாமிய கூப்பிடுவாரு, அவ திருப்பி, என்னை எரிச்சப்ப நீயும் பாத்துக்கிட்டுதானே நின்னேன்னு கேக்குற மாதிரி அவருக்கு காதுல விழும். அத படிச்சிட்டு போன கீழ வச்சிட்டேன்.

ஏன்னா எங்க ஊர்ல வாய்க்கா கரையில ஏழு கன்னிமார் இருந்துச்சு. கோயில்லாம் இல்ல, ஏழு கல்லு, மேல மஞ்சள், அவ்ளோதான். ரோட்ட அகலப்படுத்துனப்ப பொக்லைன் ஒரே வாரல்ல வாரிடுச்சு. எங்க தாத்தா பக்கத்துலதான் நின்னாரு, ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் ஆத்துக்கு வராம தனியா அந்த எடத்துக்கு போயி தார் ரோட்டு ஓரத்துல காப்பரிசி வச்சிட்டு வருவாரு. சின்னப் புள்ளையில நாங்க சிரிச்சிருக்கோம்.

சரி கேள்வி இதான். உங்களுக்கு பிடிச்ச கேரக்டர் யாரு, அந்த கதையில வர்ற மதங்கள்ல எது உண்மையாவே ஜனங்க கும்புடுற சாமி மாதிரி இருந்துச்சு, எது எழுதுறவரு உக்காந்து யோசிச்சு செஞ்ச மாதிரி இருந்துச்சு?

தேரடி டீக்கடை:

மூணாவது புக்குல பாதியா? அப்ப அந்த கல்யாண வீட்டுப் படுகொலைக்கு இன்னும் போகல. சீரியல்ல பாத்துட்டோமேன்னு தெம்பா இருக்காதீங்க ப்ரோ, அந்த சாப்டர ராத்திரி படிச்சா தூக்கம் போச்சு. பகல்ல, சாப்ட்டு முடிச்சிட்டு படிங்க.

பிடிச்ச ஆளு டிரியன். எல்லாரும் சொல்றதுதான், என்ன பண்றது.

செவ்வாடை:

டாவோஸ் நல்லவர்தான் மறுக்கல, ஆனா அந்த ஏழு சாமி இத்தன புக்குல யாருக்காச்சும் ஒரு தடவ உதவியிருக்கா சொல்லுங்க. சிவப்புக் கடவுளுக்கு மட்டுந்தான் கண்ணு முன்னாடி வேலை நடக்குது. எனக்கு பிடிச்ச ஆளு அந்த சிவப்புக் கடவுளோட பூசாரி தோரோஸ். சாமியாரா வந்துட்டு குடி கூத்துன்னு திரிஞ்ச ஆளு, நம்பிக்கையெல்லாம் எப்பவோ போச்சு, அவரு கூட்டத்துக்குத் தலைவன் பெரிக் செத்துக் கெடக்கும்போது சடங்குக்காக வாயில ஊதுறாரு, நம்ம வாய்க்கரிசி போடுற மாதிரின்னு வச்சுக்குங்க, ஊதுனா செத்தவன் எந்திரிச்சு உக்காருறான்! நம்பாதவன் கையில சாமி வேலை செஞ்சா அவன் என்ன ஆவான், அதான் எனக்கு அந்த கதையிலயே பெரிய விஷயம். பெரிக்கும் ஒவ்வொரு தடவ எந்திரிக்கும்போது கொஞ்சம் ஞாபகம் கொறைஞ்சுதான் வர்றாரு, சும்மா ஒண்ணும் குடுத்துடல.

நம்ம ஊர்லயும் கேட்டா குடுக்குற சாமிக்குத்தான் கூட்டம். கேக்காம இருக்குற சாமி குட்டிச்சுவர்ல கெடக்கும், தெரியாததா.

உப்புக்காத்து:

நான் நாகப்பட்டினம் பொண்ணு, அதனால என் பதில் கதையில வர்ற துறைமுக ஊரு பிராவோஸ்தான். வாலிரியாங்கிற பழைய பேரரசுல இருந்து தப்பிச்சு வந்த அடிமைங்க கட்டுன ஊரு, ஆளாளுக்கு ஒரு சாமிய தூக்கிட்டு வந்தாங்க, அதனால அங்க எல்லா சாமிக்கும் எடம் உண்டு. துறைமுகம்னா அப்படித்தான். எங்க ஊர்ல ராஜராஜன் காலத்துலயே கடல் தாண்டி ஸ்ரீவிஜய ராஜா புத்தருக்கு சூடாமணி விகாரம் கட்டியிருக்காரு, அதுக்கு ஆனைமங்கலம்ங்கிற ஊரயே எழுதிக் குடுத்த செப்பேடு இருக்கு. இன்னிக்கும் எங்க அம்மா ஒரே பஸ்ஸுல கெளம்பி நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் போயிட்டு வந்து சாயங்காலம் நீலாயதாட்சி கோயில்ல வெளக்கு போடுவாங்க. எந்த சாமி கோச்சுக்கும்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல.

குடமுருட்டி அண்ணா, நீங்க கேட்டதுக்கு ஒண்ணு சொல்றேன். ஏழு சாமியில அந்நியன்னு ஒருத்தர், சாவுக்கு உண்டானவரு, அவர யாரும் கும்புட மாட்டாங்கன்னு வருதுல்ல, அத படிச்சப்ப எனக்கு இது செஞ்சு வச்ச மதம்னு தோணுச்சு. நன்னிலம் பக்கம் ஸ்ரீவாஞ்சியத்துல எமனுக்கு தனி சன்னதி, அங்க மொதல்ல அவர கும்புட்டுட்டுத்தான் சிவன்கிட்ட போகணும். திருக்கடையூர்ல பாத்தா அதே எமன் ஒதை வாங்குறாரு, ஜனங்க அறுபதாம் கல்யாணத்துக்கு வரிசையில நிக்கிறாங்க. சாவுன்னா பயம் இருக்கும், ஆனா பேசாம ஒதுக்கி வச்சிட மாட்டோம். அப்புறம் பிராவோஸ்ல சாவு சாமிக்கான அந்த கருப்பு வெள்ளை வீட்டுக்குள்ள ஆர்யாங்கிற சின்னப் பொண்ணு போறப்ப, செவுத்தோரமா எல்லா ஊரு சாவு சாமியும் நிக்கும், அதுல இந்த அந்நியனும் ஒருத்தர். நடுவுல கொளம், வேணும்ங்கிறவங்க தண்ணிய குடிச்சிட்டு படுத்துக்கலாம். அப்பத்தான் புரிஞ்சுது, எழுதுனவரு வேணும்னேதான் அந்நியன அங்க கொண்டு வந்து வச்சிருக்காரு. பிடிச்ச கேரக்டர் ஆர்யான்னு இனிமே தனியா சொல்லணுமா.

கல்வெட்டுக் கிறுக்கன்:

எல்லாரும் அற்புதம் பத்தியே பேசுறீங்க. எனக்கு ஒரு மதம் உண்மையா தெரியுறது அதுக்கு பணம் காசு கணக்கு இருக்கும்போதுதான். நாலாவது புக்குல ஏழு சாமி மதத்துக்குத் தலைமைச் சாமியாரா ஹை ஸ்பேரோ வருவாருல்ல, அரசாங்கம் கோயிலுக்கு தர வேண்டிய கடன் 9 லட்சம் தங்க டிராகன் காசுக்கு மேல. அத தள்ளுபடி பண்றேன், பதிலுக்கு எங்காளுங்க மறுபடி ஆயுதம் எடுக்க அனுமதி குடுன்னு கேப்பாரு. எரநூறு வருஷத்துக்கு மேல தடையில இருந்த விஷயம். ராணி செர்சி கடன் போச்சேன்னு சந்தோஷமா கையெழுத்து போட்டுட்டு, அதே ஆளுங்க கையில மாட்டுறா. அடேங்கப்பா.

தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்ட பாருங்க, கோயில் காச ஊர் சபைங்களுக்கு வட்டிக்கு விட்டிருக்காங்க, வருஷத்துக்கு ஒரு காசுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம். அந்த வட்டியிலதான் இன்ன சாமிக்கு இவ்ளோ அரிசி, இவ்ளோ நெய்யின்னு வரி வரியா வெட்டி வச்சிருக்கான். அதுக்கு முன்னாடி இந்த நெருப்பு, நிழல் கொலை எல்லாம் எனக்கு சினிமா.

செவ்வாடை தம்பி, உங்க சிவப்புக் கடவுள் பேர சொல்லி மெலிசாண்ட்ரே ஏவுற நிழல் வந்து ஆள கொன்னா அது சாமியில்ல, ஏவல்.

செவ்வாடை:

சார் எங்க ஊர்ல ஏவலுக்கும் ஒரு சாமி இருக்கு 😂

ஒத்தையடிப் பாதை:

யாரும் மெரிபால்ட் பேர சொல்லலியேன்னு வந்தேன். சீரியல்ல கெடையாது, நாலாவது புக்குலதான் வருவாரு, அதனால குடமுருட்டி இத தாண்டிப் போயிடுங்க. எழுதப் படிக்கத் தெரியாத சாமியார், செருப்பு போட மாட்டாரு, ஒரு கழுதை, ஒரு நாய், நாய்க்கு பேரே நாய். ஊரு ஊரா நடந்து போயி எவன் வந்தாலும் அவனுக்கு பிரார்த்தனை பண்ணிட்டு போறவரு. சண்டைக்கு இழுத்துட்டு போன குடியானவன் எப்படி கொஞ்சம் கொஞ்சமா மிருகமா மாறுறான்னு ஒரு எடத்துல பேசுவாரு, அஞ்சு புக்குலயும் எனக்கு அதுக்கு மேல ஒண்ணு இல்ல. ஏழு சாமி பொய்யா மெய்யாங்கிற கேள்வியே அங்க எழாது.

இன்னொண்ணு, ரெண்டாவது புக்குல ஆர்யாவோட அம்மா கேட்லின் போற அந்த கிராமத்து செப்ட்ட, அதான் ஏழு சாமி கோயில, பாத்தீங்களா? செலை கூட கெடையாது, செவுத்துல கரியால வரைஞ்ச ஏழு மூஞ்சி. உங்க ஏழு கல்லுக்கு டாவோஸ விட இதான் கிட்டக்க வருதுன்னு எனக்குப் படுது.

குடமுருட்டிக்கரையான்:

தாண்டிப் போகச் சொல்லியும் படிச்சிட்டேன், பரவால்ல. கேட்லின் சாப்டர வேக வேகமா தள்ளிட்டேன்னு நெனைக்கிறேன், கரி மூஞ்சி ஞாபகமே இல்ல, திரும்ப போயி பாக்கணும்.

உப்புக்காத்து, ஸ்ரீவாஞ்சியம் எங்க அத்தை ஊருக்கு பக்கத்துலதான், எத்தன தடவ போயிருப்பேன், இந்த அந்நியன் விஷயம் எனக்கு தோணவே இல்லம்மா. கல்வெட்டு சார், கணக்கு எல்லாம் சரிதான், ஆனா எங்க தாத்தா வச்ச காப்பரிசிக்கு யாரு சார் வட்டி கணக்கு எழுதுனா. சரி மடை மாத்தணும், தண்ணி வருதுன்னு போன் வந்துடுச்சு, ராத்திரி வந்து பாக்குறேன். கல்யாண சாப்டர் நாளைக்கு பகல்ல.