ஃபோன் போனாலும் கணக்கு போகக்கூடாது: டூ-ஸ்டெப் பூட்டில் மாட்டி மீண்டவர்கள் சொல்லுங்கள்

கெடிலக்கரை:

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டிய மழையில் கிருஷ்ணா நகர் மூழ்கியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அங்கே இருக்கும் என் பெரியம்மா மகள் வீட்டில் சார்ஜில் கிடந்த ஃபோன் தண்ணீரோடு போனது. அக்கா வீட்டிலேயே நைட்டி, பாவாடை தைத்து விற்பவர், ஆர்டர், முகவரி, பில் எல்லாம் ஜிமெயிலில். அதற்கு டூ-ஸ்டெப், அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணும் கேட்கும் பூட்டு, போட்டிருந்தார், ஆத்தென்டிகேட்டர் ஆப் வழியாக.

அந்த ஆப்பில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண்ணை யாரும் அனுப்புவதில்லை. முதல்நாள் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தபோதே ஒரு ரகசியச் சாவி ஃபோனுக்குள் போய்விடுகிறது, அந்தச் சாவியையும் அப்போதைய மணியையும் வைத்து ஃபோனே எண்ணைக் கணக்குப் போடுகிறது. அதனால்தான் சிக்னல் இல்லாத இடத்திலும் எண் வரும், ஃபோன் செத்தால் சாவியும் சேர்ந்து போகும். கூகுளின் ஆப்பில் 2023 ஏப்ரலில் சாவிகளை கூகுள் கணக்கில் சேமிக்கும் வசதி வந்தது. நல்ல வசதிதான், ஆனால் பூட்டிக் கிடப்பதே அந்த ஜிமெயில் என்றால் உள்ளே இருக்கும் சாவி யாருக்கு உதவும்?

எஸ்எம்எஸ்ஸிலாவது எண் வரட்டும் என்று அதே நம்பருக்குப் புது சிம் வாங்கினோம். சிம் மாற்றினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. நம் நம்பரில் வேறு யாராவது சிம் எடுத்து ஓடிபியைப் பிடித்துவிடக்கூடாது என்பதற்காக வைத்த தடை. இது தெரியாமல் நிறைய பேர் பதறிப்போய் 'மீண்டும் அனுப்பு' என்று தட்டிக்கொண்டே இருப்பார்கள், அப்புறம் 'பலமுறை முயன்றுவிட்டீர்கள், பிறகு வாருங்கள்' என்று ஒரேயடியாக நிறுத்திவிடும். அக்காவும் தட்டப் போனார். "அதை விடுங்கக்கா, மாடியில மாமாவோட லேப்டாப் நனையாமதானே இருக்கு, கரண்ட் வரட்டும்" என்றேன். முன்பு அதில் அக்கா ஜிமெயில் திறந்தபோது 'இந்தக் கருவியில் மீண்டும் கேட்க வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தார். திறந்தால் பாஸ்வேர்டு மட்டும்தான் கேட்டது!

உள்ளே போனதும் பழைய ஃபோனை நீக்கிவிட்டு, ஃபோன் இல்லாதபோதும் நுழைய உதவும் பேக்கப் கோடு எடுத்தோம். மொத்தம் 10 எண்கள், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒன்று ஒருமுறைதான் செல்லும். அக்கா அதைத் தையல் நோட்டுத் தாளில் அளவு எழுதுகிற பென்சிலாலேயே எழுதி, பாலிதீன் கவரில் போட்டு ரேஷன் கார்டோடு மேல் பரணில் வைத்திருக்கிறார். புது ஃபோனில் நுழையப் பயன்படுத்திய முதல் எண்ணை மட்டும் அடித்திருக்கிறார்.

அப்படி ஒரு லேப்டாப் இல்லாதவர்கள் கணக்கு மீட்புப் பக்கத்துக்குத்தான் போகவேண்டும். எந்தக் கருவி, எந்த வைஃபை, எந்த ஊர் என்பதையெல்லாம் கூகுள் பார்க்கிறது. அதனால் அவசரப்பட்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடாமல், வழக்கமாக மெயில் பார்த்த வீட்டில், வழக்கமான கருவியிலிருந்தே கேளுங்கள். காசு கொடுத்தால் மீட்டுத் தருகிறேன் என்று வருகிற எவனையும் நம்பாதீர்கள்.

வைத்திக்குப்பம்:

எங்கள் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற வீடுகளில் வருஷா வருஷம் உயிரோடு இருப்பதற்கான சான்று அனுப்புவது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். அதை ஆன்லைனில் அனுப்பலாம் என்று பாரிஸிலிருக்கும் தங்கை தன் பழைய +33 நம்பரைக் கொடுத்து அப்பாவுக்குக் கணக்கு திறந்துவிட்டாள். கோடு அங்கே போகும், கொஞ்ச நேரத்தில் காலாவதியாகிவிடும். இங்கே காலை 9 மணி என்றால் குளிர்காலத்தில் அங்கே விடியற்காலை 4.30, தூங்குகிறவளை எழுப்பித்தான் கேட்கவேண்டும். போன வருஷம் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் நம்பரே போய்விட்டது. சான்றைக் காகிதமாகத் தபாலில் அனுப்பினோம், நம்பர் மாற்றுவதற்கு பாஸ்போர்ட் நகலோடு கடிதம் தனி. பதில் வரும்வரை அப்பா தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பெரியவர்கள் கணக்கில் அவர்கள் கையில் இருக்கும் நம்பரைப் போடுங்கள், இதை கெஞ்சிக் கேட்கிறேன்.

முதுநகர்:

எங்கள் மாமாவுக்கு நடந்தது வேறு மாதிரி. துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பவர், விலை பேசுவதெல்லாம் வாட்ஸ்அப்பில். "புது குரூப்புல சேர்க்கிறோம், உங்களுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று ஒருத்தன் கேட்க, ஏல நேர அவசரத்தில் சொல்லிவிட்டார். அவன் உள்ளே புகுந்து டூ-ஸ்டெப் பின் (PIN) நம்பரும் போட்டுவிட்டு, மாமா பேரில் எல்லோரிடமும் பணம் கேட்டான். நாங்கள் மாமா ஃபோனில் மறுபடி பதிவு செய்து எஸ்எம்எஸ்ஸில் வந்த 6 இலக்கத்தைப் போட்டோம். பின் தெரியாததால் நமக்குக் கணக்கு திறக்கவில்லை, ஆனால் அந்த நிமிஷமே அவன் வெளியே தள்ளப்பட்டுவிடுவான். இது நிறைய பேருக்குத் தெரியாது. பின் இல்லாமல் நுழைய 7 நாள் காத்திருக்கவேண்டும், அதுவரை மாமா ஒவ்வொரு வியாபாரிக்கும் தானே போன் போட்டுச் சொன்னார். பணம் அனுப்பிவிட்ட ஒருவரை உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைக்கச் சொன்னோம்.

7 நாள் முடிந்ததும் எங்கள் பின்னைப் போட்டு, மீட்பு மெயிலும் கொடுத்தோம். கெடிலக்கரை அண்ணே, அந்த மெயிலுக்கும் பேக்கப் கோடு எடுத்து முதுநகர் வீட்டில் ஒன்று, அத்தை வீட்டில் ஒன்று என்று வைத்திருக்கிறோம். அது சரிதானே?

கெடிலக்கரை:

சரிதான் தம்பி. அடுத்த தடவை புதுசா கோடு எடுத்தா பழைய தாள் செல்லாது, அன்னைக்கே அத்தை வீட்டுத் தாளையும் மாத்திடுங்க.