உலாவியிலேயே இழப்பில்லா ஒலிக்கோப்புகளை மாற்றிய அனுபவங்கள்

பகிர்வு 1

குறுந்தகடுகளிலிருந்து எடுத்து ஒலித்தரவு எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் வைத்திருந்த பாடல்களை, ஆப்பிள் மியூசிக் செயலியில் சேர்ப்பதற்காக ஆப்பிளின் இழப்பில்லா வடிவமான ஏலாக்குக்கு மாற்ற வேண்டியிருந்தது. புதிதாக மென்பொருள் நிறுவ மனமில்லாமல், உலாவியிலேயே மாற்றித் தரும் ஒரு தளத்தைத் திறந்தேன். கோப்பு கணினியை விட்டு வெளியே போகாது என்று அதில் எழுதியிருந்தது; பக்கம் திறந்தபின் இணைய இணைப்பைத் துண்டித்துப் பார்த்தேன், அப்போதும் வேலை நடந்தது.

காதுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஆயினும் சரியாக ஐந்து நிமிடம் ஓடும் ஒரு பாடலில் 1,32,30,000 மாதிரிகள் (ஒலியை அடுத்தடுத்து அளந்து பதிந்த எண்கள்) இருக்க வேண்டிய இடத்தில் 1,44,00,000 மாதிரிகள் இருந்தன. அதாவது வினாடிக்கு 44,100 என்றிருந்த மாதிரி வீதம், யாரும் கேட்காமலே 48,000 ஆகியிருந்தது. உலாவிகளில் உள்ள வெப் ஆடியோ வசதியைக் கொண்டு கோப்பைப் பிரித்தால், அது கோப்பின் வீதத்தை விட்டுவிட்டு, நிரலர் வேறு வீதத்தைக் குறிப்பிடாத வரை ஒலி வெளியீட்டுச் சாதனத்தின் வீதத்துக்கு ஒலியை மாற்றிக் கொடுத்துவிடும் என்பது பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு மாதிரியும் புதிதாகக் கணக்கிடப்பட்ட எண் என்பதால் பழைய எண்களை அப்படியே திரும்பப் பெற வழியில்லை. வெளிவந்தது இழப்பில்லா வடிவம்தான், உள்ளே இருந்ததோ வேறு ஒலி!

அடுத்து, ஒலி, காணொளிக் கோப்புகளை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் நிரலை, உலாவிக்குள்ளேயே ஓடும் வெப் அசெம்பிளி வடிவுக்கு மாற்றிப் பயன்படுத்தும் வேறொரு தளத்தில் முயன்றேன். இம்முறை கிடைத்த ஏலாக் கோப்பை மீண்டும் ஃபிளாக்காக மாற்றி, தரவின் கைரேகை போன்ற எம்டி5 எண்ணை மூலக் கோப்பின் எண்ணோடு ஒப்பிட்டேன். ஃபிளாக் கோப்பின் தலைப்பகுதியில் இருக்கும் இந்த எண் சுருக்கப்படாத மூல ஒலியிலிருந்து கணக்கிடப்படுவதால், சுருக்க அளவோ, பாடல் பெயர் போன்ற குறிச்சொற்களோ மாறினாலும் அது மாறாது. 32 எழுத்துகளும் பொருந்தின. அதன் பிறகே மற்ற பாடல்களை மாற்றினேன்.

பகிர்வு 2

எனக்குச் சிக்கல் கோப்பின் அளவில் வந்தது. 96,000 மாதிரி வீதத்தில் 24 பிட் இருதட ஒலியாகப் பதிவான, இரண்டேகால் மணி நேரம் ஓடும் ஒரு ஃபிளாக் கோப்பைச் சுருக்கப்படாத வேவ் வடிவாக்க முயன்றேன். பாதியைத் தாண்டியதும் உலாவித் தாவல் அப்படியே நின்றுபோனது. இருமுறை முயன்ற பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இத்தகைய ஒலி நிமிடத்துக்குச் சுமார் 34.5 எம்பி இடம் பிடிக்கிறது, ஆகவே முழுப் பதிவும் 4 ஜிபியைத் தாண்டிவிடும். வழக்கமான 32 பிட் வெப் அசெம்பிளி நிரலுக்குக் கிடைக்கும் நினைவகம் அதிகபட்சம் 4 ஜிபி; அதற்குள்தான் உள்ளீடு, வெளியீடு இரண்டையும் அது வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நினைவகம் போதியிருந்தாலும் பயனில்லை, ஏனெனில் வேவ் கோப்பு தன் அளவைக் குறிக்க 32 பிட் மட்டுமே ஒதுக்குவதால் அதற்கும் அதே 4 ஜிபிதான் எல்லை. நாற்பது நிமிடத் துண்டுகளாக வெட்டி மாற்றியபோது தடையின்றி முடிந்தது.

பகிர்வு 3

முதல் நண்பர் சொன்ன எம்டி5 ஒப்பீட்டை நானும் செய்தேன். மாற்றிக் கிடைத்த புதிய ஃபிளாக் கோப்பில் அந்த எண்ணின் 32 இடங்களிலும் சுழியம் மட்டுமே இருந்ததைக் கண்டு முதலில் திகைத்துவிட்டேன். எண் கணக்கிடப்படவில்லை என்பதற்கான அடையாளமே அது, ஒலி கெட்டதற்கான அடையாளம் அன்று. மாற்றும் நிரல் கோப்பின் தொடக்கத்துக்குத் திரும்பிச் சென்று எழுத முடியாமல், ஒரே ஓட்டமாக எழுதி முடிக்கும்போது இப்படி நேர்கிறது. இரண்டு கோப்புகளையும் வேவ் ஆக்கி, ஒலித்தரவை மட்டும் ஒப்பிட்டபோது ஒரு பிட்கூட வேறுபடவில்லை. ஆல்பம் அட்டைப் படம் மட்டும் வழியில் எங்கோ தொலைந்துவிட்டது. அதை ஒவ்வொரு பாடலிலும் கையால்தான் சேர்த்தேன்.