டெக்ஸாஸில் மான் வேட்டைக்குத் துணையாகப் போகிறேன், பையில் என்ன வைக்க வேண்டும்?

கீழக்கரை கறிக்கடை:
அஸ்ஸலாமு அலைக்கும். ஊர் கீழக்கரை, குடும்பத் தொழில் ஆட்டுக்கறிக் கடை. அக்டோபரில் டெக்ஸாஸில் இருக்கும் எங்கள் காக்கா (அண்ணன்) வீட்டுக்குப் போகிறேன். அவருடைய நண்பர் பண்ணையில் புள்ளிமான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். துப்பாக்கியை நான் தொடப் போவதில்லை. "உரிக்கத் தெரிந்தவன் நீதானே, வா" என்கிறார் காக்கா. கடையில் கொக்கி, கட்டை, குழாய்த் தண்ணீர் எல்லாம் இருக்கும். காட்டில் தரையில் போட்டு எப்படிச் செய்வது? அடிபட்ட மான் ஓடினால் தேடவும் வேண்டுமாம். ஒரு தோள்பைக்குள் எதையெல்லாம் அடக்கலாம்?

தொண்டித் துறை:
மானா? திரும்பி வந்து ஜெயிலில் உட்காரவா பாய்?

தேவிபட்டினத்தான் (இப்போது சான் அன்டோனியோ):
தொண்டி அண்ணே, இங்கே சட்டம் வேறு. நம்ம நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான். டெக்ஸாஸுக்கு 1932இல் கொண்டுவந்து விட்ட புள்ளிமான் பெருகிப் போய், இப்போது உள்ளூர் மான்களின் தீனிக்குப் போட்டியாக நிற்கிறது. வெளி இனம் என்பதால் அதற்குச் சீசன் கிடையாது. சுடுகிறவரிடம் உரிமமும் நிலக்காரர் சம்மதமும் இருந்தால் போதும். ஆனால் கொம்பு, தோல் எதையும் ஞாபகார்த்தமாக ஊருக்குக் கட்டிவிடாதீர்கள்.

பாய், முதலில் தேடுவதைச் சொல்கிறேன். குண்டு பட்டதும் பின்னாலேயே ஓடக் கூடாது. விரட்டினால் படுக்க வேண்டிய மான் இன்னும் தூரம் போய்விடும். அடிபட்ட இடத்துக்குப் போய் ரத்தத்தைப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல். அரை மணி நேரம் பொறுத்துப் போனால் கிட்டத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம், சில மணி நேரம் விடுங்கள். பச்சையாக, இரைப்பை நாற்றத்தோடு இருந்தால் ஆறு, எட்டு மணி நேரம்கூடக் காத்திருப்பார்கள். வெயில் காலத்தில் அந்தக் காத்திருப்பே கறியைக் கெடுக்கும், அதுதான் சங்கடம். தடத்தின் மேல் நடக்காமல் ஓரமாகவே போங்கள். கடைசியாக ரத்தம் கண்ட இடத்தில் ஆரஞ்சு ரிப்பன் கட்டிவிட்டு அடுத்ததைத் தேடுங்கள். அதனால் பையில் முதல் பொருள் நெற்றியில் மாட்டும் விளக்கு, மாற்று பேட்டரியோடு. அப்புறம் ரிப்பன், தண்ணீர், சார்ஜ் உள்ள போன்.

கத்தி ஒன்று போதும். நாலு அங்குலத்துக்குள், நல்ல கூர். கடைக் கத்தி நீளம், வயிற்றுக்குள் தடுமாறும். கூடவே சின்னச் சாணை, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, துடைக்கத் துணி, கயிறு, காற்றோட்டமுள்ள துணிப்பை. ரம்பம் வேண்டாம், மூட்டில் கத்தியே போகும். அது உங்களுக்குத் தெரியாததா?

கீழக்கரை கறிக்கடை:
சரி காக்கா. தண்ணீர் இல்லாமல் கழுவுவது எப்படி? ஆட்டில் பித்தப்பை உடைந்தால் ஈரலே கசந்துவிடும், அதுதான் எனக்குப் பயம்.

தேவிபட்டினத்தான்:
அந்தப் பயம் வேண்டாம். மானுக்குப் பித்தப்பையே கிடையாது! ஈரலைப் புரட்டித் தேடிக்கொண்டிருக்காதீர்கள். பயப்பட வேண்டியது இரைப்பைக்கும் மூத்திரப்பைக்கும்தான். மல்லாக்கப் போட்டு, தலைப் பக்கம் மேடாக வையுங்கள். மலவாயைச் சுற்றி அறுத்து, நூலால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் தூக்கி, கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்கும்படி கீறிக்கொண்டு போங்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள சவ்வை அறுத்து, கையை உள்ளே விட்டு மூச்சுக்குழாயை வெட்டினால் மொத்தமும் ஒரே இழுப்பில் வெளியே வரும். கழுவ வேண்டாம், துணியால் துடையுங்கள். ஈரம் நின்றால் கறி சீக்கிரம் கெடும். இரைப்பைச் சாறு பட்ட இடத்தைச் சீவி எறிந்துவிடுங்கள்.

ஏர்வாடி வள்ளம்:
தம்பி, மான் எனக்குத் தெரியாது, ஐஸ் தெரியும். அங்கே அக்டோபரிலும் வெயில் அடிக்கும் என்கிறார்கள். பெட்டியில் ஐஸ் போடுகிறவர்கள் உருகின தண்ணீரில் கறியை மிதக்க விட்டுவிடுவார்கள். நாங்கள் சீலா மீனைக்கூட அப்படி விட மாட்டோம். அடியில் இருக்கும் வடிகால் மூடியைத் திறந்து வைத்துப் பெட்டியைச் சாய்த்து வையுங்கள். வற்ற வற்ற ஐஸ் போடுங்கள்.

தேவிபட்டினத்தான்:
நூற்றுக்கு நூறு. கறி 4 டிகிரிக்குக் கீழே வந்தாக வேண்டும். பின்தொடைதான் கடைசியாகக் குளிரும், அதனால் தோலை உரித்துத் துண்டாக்கிவிட்டே பெட்டியில் வையுங்கள்.

தொண்டித் துறை:
ஹலால் விஷயம்?

கீழக்கரை கறிக்கடை:
உயிர் இருந்தால் நான் பிஸ்மில்லா சொல்லி அறுத்துவிடுவேன். குண்டிலேயே போயிருந்தால் எப்படி என்று எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். காக்கா, கத்தியைக் கைப்பையில் வைத்தால் விமானத்தில் விடுவார்களா?

தேவிபட்டினத்தான்:
விட மாட்டார்கள். செக்-இன் பெட்டியில், உறைக்குள் போட்டுத் துணியில் சுற்றி வையுங்கள். கையுறையும் ஐஸ் பெட்டியும் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

கீழக்கரை கறிக்கடை:
கயிறு? வலைக்கடையில் நைலான் கயிறு நல்லதாகக் கிடைக்கும்.

ஏர்வாடி வள்ளம்:
புதுச் சுருளாகப் பார்த்து வாங்குங்கள் தம்பி. நம்ம வள்ளத்துக் கயிற்றைக் கொண்டுபோனால் மான்கறி கருவாடாக மணக்கும்.