பழைய விசைப்படகு: கட்டிப் போட்டாலே பேட்டரி இறங்குது, எங்கே பார்க்கிறது?

கேள்வி (நாகப்பட்டினம்)
மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு ஜூன் 15-லேர்ந்து தொழிலுக்குப் போறோம். பழைய படகு. டீசல் இன்ஜின், 12 வோல்ட், 100 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) பேட்டரி ஒண்ணு. கடலுக்குப் போய் வந்த அன்னைக்கு செல்ஃப் நல்லா எடுக்குது. மூணு நாள் துறைமுகத்துல கட்டிப் போட்டா "டிக்"னு ஒரு சத்தம், அதோட சரி. இன்ஜின் ஓடும்போது 13.9 வோல்ட் காட்டுது. கடையில பேட்டரியை மாத்தச் சொல்றாங்க. மாத்திடலாமா?

பதில் (கடலூர்)
வருசம் ஆயிருந்தா யோசிக்காம மாத்துங்க.

பதில் (தூத்துக்குடி, படகு வயரிங் வேலை)
அவசரப்படாதீங்க தம்பி. கரன்ட் எங்கேயாவது கசிஞ்சா புது பேட்டரியும் இதே கதிதான். ஃபுல் சார்ஜ் போட்டு, மைனஸ் வயரைக் கழட்டி ஒரு நாள் முழுசா விடுங்க. 12.6-ஐ ஒட்டியே நின்னா பேட்டரி பெரும்பாலும் தப்பிச்சுது. தானா 12.2-க்கு வந்தா செல் போச்சு. மேல்மூடியில உப்பு ஈரம் படிஞ்சிருந்தா முதல்ல துடைச்சுடுங்க, அது வழியாவும் கொஞ்சம் இறங்கும்.

பேட்டரி நின்னா, மெயின் சுவிட்சை மட்டும் ஆன்ல விட்டு மத்த எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணி, மைனஸ் முனைக்கும் கழட்டின வயருக்கும் நடுவுல மல்டிமீட்டரை 10 ஆம்பியர்ல வைங்க. இன்ஜின் ரூம் மூடியைத் திறந்து காத்து போக விட்ட பிறகு செய்யுங்க. பேட்டரி வாயுவுக்கு ஒரு பொறி போதும். மீட்டர் இருக்கும்போது செல்ஃப் மட்டும் அடிச்சுடாதீங்க, மீட்டரோட ஃபியூஸ் போயிடும்.

கேள்வி கேட்டவர்
பேட்டரி 12.6-லயே நின்னுச்சு அண்ணே. மீட்டர்ல 0.6 ஆம்பியர். ஜி.பி.எஸ்., வயர்லெஸ், லைட்டுன்னு ஃபியூஸை ஒவ்வொண்ணா உருவிப் பார்த்தேன், அசையல. தண்ணி இறைக்கிற பம்ப் நேரா பேட்டரியிலேர்ந்து போகுது, அதுவா இருக்குமோ?

பதில் (தூத்துக்குடி)
பம்ப் ஓடினா ரெண்டு மூணு ஆம்பியராவது இழுக்கும், சத்தமும் கேக்கும். இருந்தாலும் அதோட ஃபியூஸையும் உருவிப் பாருங்க.

0.6 சின்னதுன்னு விட்டுடாதீங்க. ஒரு நாளைக்கு 14 ஏ.எச்.க்கு மேல, மூணு நாள்ல 43. பழைய பேட்டரில நூறு எங்க நிக்கும்? ஃபியூஸ் பெட்டியைத் தாண்டியும் இழுக்குதுன்னா எனக்கு ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது) மேலதான் சந்தேகம். உள்ளே டயோடு (கரன்ட்டை ஒரே பக்கமா விடுறது) கசிஞ்சா சார்ஜும் ஏத்தும், நின்ன பிறகு திருப்பியும் இழுக்கும். பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு, ஆல்டர்னேட்டரோட தடிச்ச வயரை எடுத்து டேப் சுத்தி, மறுபடி மீட்டர் வைங்க.

கேள்வி கேட்டவர்
பம்ப் ஃபியூஸை உருவினா மாத்தமே இல்ல. தடிச்ச வயரை எடுத்ததும் 0.02! அந்தப் போல்ட்டு பச்சை பூத்து, ஸ்பேனரே பிடிக்கல.

பதில் (தூத்துக்குடி)
ஆள் மாட்டிக்கிச்சு. 0.02 ரொம்பச் சின்னது, விடுங்க. ஆல்டர்னேட்டரைக் கழட்டி டயோடு பிளேட்டை மாத்தச் சொல்லுங்க, முழுசா புதுசு வாங்க வேணாம். திரும்பப் பூட்டும்போது வயர் முனைக்குப் புது லக் போட்டு கிரீஸ் தடவுங்க. இன்ஜின் ஓடும்போது பேட்டரி மெயின் சுவிட்சை ஆஃப் பண்ண வேணாம்னு டிரைவர்கிட்ட சொல்லி வைங்க, அதுலயும் டயோடு அடி வாங்கும்.

பதில் (கடலூர்)
அதுவரைக்கும் தொழிலை நிறுத்தணுமா அண்ணே?

பதில் (தூத்துக்குடி)
வேணாம். இன்ஜினை நிறுத்தின பிறகு மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு வாங்க. பம்ப் வயர் மட்டும் சுவிட்சுக்கு முன்னாடியே இருக்கணும், பழைய படகுல தண்ணி ஊறும்.